ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவதற்கு முன்: அறிகுறியை வைத்துப் பழுதைத் தேடுவது எப்படி

என் காரில் ஒரே மாதத்தில் ஒரே ஆக்சிஜன் சென்சாரை இரண்டு முறை மாற்றினார்கள். இரண்டு முறையும் காசு கொடுத்தவன் நான். இரண்டு முறையும் நான்கைந்து நாளில் மஞ்சள் இன்ஜின் லைட் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியில் பார்த்தால் பழுது சென்சாரிலேயே இல்லை, விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் ஹோஸில் இருந்தது. காய்ச்சல் அடிக்கிறது என்று தெர்மாமீட்டரை மாற்றிக்கொண்டிருந்தோம்.

அந்த எரிச்சலில் ஒரு ஸ்கேனர் வாங்கிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர், வீட்டு வாசலில் நின்று பார்க்கக்கூடிய அளவுக்கு.

சென்சார் என்ன சொல்கிறது?

புகைக் குழாயில் திருகியிருக்கும் இந்த சென்சாரின் நுனியில் சிர்கோனியா என்ற பீங்கான் இருக்கிறது, இரு பக்கமும் பிளாட்டினம் பூச்சோடு. ஒரு பக்கம் புகை படும், மறுபக்கம் வெளிக்காற்று. ஏறத்தாழ 300 டிகிரிக்கு மேல் சூடானதும் இரு பக்க ஆக்சிஜனின் வித்தியாசத்துக்கு ஏற்ப அது ஒரு சின்ன மின்னழுத்தத்தைத் தரும். புகையில் ஆக்சிஜன் மிச்சமில்லை என்றால், அதாவது பெட்ரோல் அதிகம் என்றால், 0.8, 0.9 வோல்ட். ஆக்சிஜன் மிச்சமிருந்தால், அதாவது பெட்ரோல் போதவில்லை என்றால், 0.1, 0.2 வோல்ட். முன்னதை ரிச் என்பார்கள், பின்னதை லீன் என்பார்கள். நடுக்கோடு 0.45.

இன்ஜினை நிர்வகிக்கும் கணினியான ஈசியூ இதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும், மறுபடி கூட்டும். அதனால் நல்ல சென்சாரின் வோல்ட் ஒரு இடத்தில் நிற்காது, ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு 2500 ஆர்பிஎம்மில் வைத்துப் பார்த்தால் 10 விநாடியில் எட்டு முறையாவது ஏறி இறங்க வேண்டும்.

இது முன் சென்சார். சிலிண்டர்களின் புகை வந்து சேரும் மேனிஃபோல்டுக்கும் அந்தப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கும் நடுவில் இருக்கும். கன்வர்ட்டரைக் கடைகளில் கேட்கான் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். கேட்கானுக்குப் பின்னால் இன்னொரு சென்சார் உண்டு. அதன் வேலை கேட்கான் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான். எந்தக் கோடு (ஈசியூ பதிந்துவைக்கும் பழுது எண்) எந்த சென்சாருடையது என்று பார்க்காமல் தவறானதைக் கழற்றியவர்களும் உண்டு. ஸ்கேனரில் 'பேங்க் 1 சென்சார் 1' என்றால் முன் சென்சார், 'சென்சார் 2' என்றால் பின் சென்சார்.

இந்த ஏற்பாடு ஒன்றும் புதிதில்லை. 1976இல் போஷ் தயாரித்த லாம்ப்டா சென்சாரோடு (இதே ஆக்சிஜன் சென்சாரின் இன்னொரு பெயர்) வோல்வோ கார்கள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. கலிபோர்னியாவின் புகைச் சட்டங்கள்தான் அதற்குக் காரணம். இப்போது நம் ஊரில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு பைக், ஸ்கூட்டரிலும் இது இருக்கிறது.

புதிய கார்கள் பலவற்றில் முன் சென்சார் வைட்பேண்ட் வகை. அதில் 0.1, 0.9 என்ற கணக்கு செல்லாது. ஸ்கேனரில் லாம்ப்டா என்ற காற்று–பெட்ரோல் விகித எண்ணாகவோ மில்லியாம்பியராகவோ வரும், லாம்ப்டா 1ஐ ஒட்டி இருந்தால் சரி. வயர் எண்ணிக்கையை மட்டும் வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள், நான்கு வயர் வைட்பேண்டும் இருக்கிறது.

என்னென்ன வேண்டும்?

ஈசியூ சொல்வதைப் படித்துக் காட்டும், போனோடு புளூடூத்தில் இணையும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று. ஸ்கேனரில் மூன்று எண்கள் நமக்கு முக்கியம்: முன் சென்சார் வோல்ட், ஷார்ட் ட்ரிம், லாங் ட்ரிம். ட்ரிம் என்பது ஈசியூ தன் கணக்கைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியிருக்கிறது அல்லது குறைத்திருக்கிறது என்ற எண். ஷார்ட் இந்த நொடியின் கணக்கு, லாங் சேர்த்து வைத்த பழக்கம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டல் கழித்தல் 10க்குள் இருந்தால் கவலை வேண்டாம். பிளஸ் 20ஐத் தாண்டினால் வண்டி எங்கோ காற்றைக் கூடுதலாக இழுக்கிறது அல்லது பெட்ரோல் போதவில்லை.

இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. சாதாரணப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். கலந்தால் ஏறத்தாழ 13.5. பழைய பெட்ரோலுக்கு அமைத்த வண்டியில் இ20 ஊற்றினால் லாங் ட்ரிம் பிளஸ் ஐந்து, எட்டு என்று ஏறி நிற்கும். அது பழுதில்லை.

பழுதுக் கோடு எதையும் அழிப்பதற்கு முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பக்கம் இருக்கும். கோடு விழுந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு, ட்ரிம் எவ்வளவு என்று அதில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். என் வண்டியை முதலில் பார்த்தவர் லைட்டை அணைத்துவிட்டுத்தான் பானெட்டைத் திறந்தார்.

லைட் எரிகிறது, வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது

கோடு பி0135 அல்லது பி0141 என்றால் அதிர்ஷ்டம். சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் பற்றிய புகார் அது. பீங்கான் சீக்கிரம் சூடாவதற்காக வைத்த ஹீட்டர். அது போனாலும் புகையின் சூட்டிலேயே சென்சார் விழித்துக்கொள்ளும், கொஞ்சம் தாமதமாக. அதனால்தான் ஓட்டும்போது வித்தியாசம் தெரிவதில்லை.

முதலில் ஃபியூஸ். பல வண்டிகளில் இரண்டு சென்சாரின் ஹீட்டரும் ஒரே ஃபியூஸில் இருக்கும், எனவே 0135, 0141 இரண்டும் சேர்ந்து வந்தால் நேராக ஃபியூஸ் பெட்டிக்குப் போங்கள். அப்புறம் வயர். எலி கடிப்பது நம் ஊரில் சாதாரணம், அதிலும் இரவில் சூடான இன்ஜின் மேல் வந்து படுக்கும் எலிக்கு இந்த வயர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

இரண்டும் சரியென்றால் இன்ஜின் ஆறிய பிறகு கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கத்தில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயர்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். அவைதான் ஹீட்டர் வயர்கள். பெரும்பாலும் 3 முதல் 15 ஓம் வரை இருக்கும். மீட்டர் எல்லையில்லாமல் காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது. அப்போது சென்சாரை மாற்றலாம், தயங்க வேண்டாம்.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் ஓட்டிய மறுநாள் இந்தக் கோடு வந்தால் காரணம் புரிந்துகொள்ளலாம். கொதிக்கிற பீங்கானில் தண்ணீர் பட்டால் விரிசல் விழும். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் சத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐடிலில் வண்டி நடுங்குகிறது, கோடு பி0171

என் கதை இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பி0171 என்றால் 'கலவை லீனாக இருக்கிறது, பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி என் எல்லைக்கு வந்துவிட்டேன்' என்று ஈசியூ சொல்கிறது. சென்சார் கெட்டது என்று அது எங்கும் சொல்லவில்லை. சென்சார் பார்த்ததைச் சொன்னதால்தான் இந்தக் கோடே விழுந்தது.

முதலில் சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு நிமிட வேலை. இன்ஜின் சூடானதும் நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தி விடுங்கள். அழுத்தும்போது 0.8, 0.9 வரை ஏற வேண்டும். காலை எடுத்ததும் 0.1க்கோ அதற்குக் கீழோ விழ வேண்டும். இரண்டு எல்லையையும் சுறுசுறுப்பாகத் தொட்டால் சென்சார் நல்லது, அதைத் தொடாதீர்கள். என் வண்டியில் கழற்றிப்போட்ட சென்சாரும் இப்படித்தான் ஆடியிருக்கும். யாரும் பார்க்கவில்லை.

அடுத்தது ட்ரிம். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல், ஒரு முறை, 2500 ஆர்பிஎம்மில் ஒரு முறை. என் வண்டியில் ஐடிலில் கூட்டுத்தொகை பிளஸ் 24, 2500இல் பிளஸ் 5. இந்த வித்தியாசமே விடை. இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்குப் பின்னால் ஒரு ஓட்டை இருந்தால், ஐடிலில் இன்ஜின் இழுக்கும் கொஞ்சக் காற்றில் அந்தத் திருட்டுக் காற்று பெரும்பங்கு. ஆர்பிஎம் ஏறி நிறையக் காற்று வரும்போது அதே ஓட்டை கணக்கில் சிறுத்துவிடும்.

பானெட்டைத் திறந்து காதை வைத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. ஹோஸ்களை ஒவ்வொன்றாக மூக்கு பிளையரில் துணி சுற்றி மெதுவாக நெரித்தேன், போன் திரையில் ஷார்ட் ட்ரிம்மைப் பார்த்தபடி. பிரேக் பூஸ்டர் ஹோஸில் மாற்றமில்லை. வால்வு கவரிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்கு ஆயில் ஆவியைக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸை நெரித்ததும் எண் சரசரவென்று இறங்கியது, ஐடிலில் இருந்த நடுக்கமும் நின்றது. கழற்றிப் பார்த்தால் மேலே புத்தம் புதுசு போல இருக்கிறது. திருப்பி வளைத்தபோது முழங்கை வளைவின் அடிப்பக்கத்தில் மீன் வாய் போலத் திறந்தது ஒரு வெடிப்பு. எண்ணெயில் ஊறி ரப்பர் இளகிப்போயிருந்தது.

இந்த ஐடில்–2500 கணக்கு காற்றை நேராக அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகளுக்கு நன்றாகப் பொருந்தும். சிறிய கார்கள் பலவற்றில் அதற்குப் பதில் மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான் இருக்கிறது. அங்கே ஓட்டை வழியாக வரும் காற்றும் அழுத்தக் கணக்கில் சேர்ந்துவிடுவதால் ட்ரிம் பெரிதாக ஏறாது, ஐடில் ஆர்பிஎம்தான் ஏறி நிற்கும். மேப் வண்டியில் ட்ரிம் பிளஸ் 25 என்றால் பெட்ரோல் பக்கத்தையும் புகைக் குழாயையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

தலைகீழாக, ஐடிலில் சரியாக இருந்து, வேகமெடுக்கும்போது ட்ரிம் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. பம்ப் சோர்ந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம். பல பெட்ரோல் கார்களில் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயில் குழாயின் அழுத்தம் 3 முதல் 4 பார், உங்கள் வண்டியின் அளவைக் கேட்டுக்கொண்டு கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்குப் படிந்தாலும் இதே கோலம்தான். அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயை மட்டும் அடியுங்கள், உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியை விரலாலோ துணியாலோ தொட்டால் அதுவும் போய்விடும்.

ட்ரிம் லீன் என்கிறது, ஆனால் வண்டி நன்றாக இழுக்கிறது, ப்ளக் நுனி கருப்படித்திருக்கிறது என்றால் சென்சார் ஏமாற்றப்படுகிறது. முன் சென்சாருக்கு முன்னால் புகைக் குழாயில் எங்கோ கசிவு. அங்கே புகை வெளியே போவதோடு நிற்காது. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் குழாய்க்குள் ஒரு கணம் அழுத்தம் குறையும், அப்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து 'லீன்' என்று உண்மையைத்தான் சொல்கிறது. ஈசியூ அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டுகிறது. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் 'சிக் சிக் சிக்' என்று கேட்டு, சூடானதும் குறைந்தால் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டைப் பாருங்கள். இணைப்பில் கரிக்கோடு தெரியும்.

மிஸ்ஸிங், லைட் விட்டு விட்டு எரிகிறது

மின்னும் லைட் வேறு, நிலையான லைட் வேறு. மின்னினால் சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கேட்கானுக்குள் போய் அங்கே எரிகிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள், வீடு வரை ஓட்டிப் பார்க்க வேண்டாம். ப்ளக், காயில், இன்ஜெக்டர் என்ற வரிசையில் பாருங்கள். இந்த நேரத்தில் லீன் கோடும் கூட வந்தால் கண்டுகொள்ளாதீர்கள். எரியாத சிலிண்டர் தன் ஆக்சிஜனையும் அப்படியே வெளியே தள்ளுகிறது, சென்சார் எண்ணுவது ஆக்சிஜனை மட்டும்தான்.

பெட்ரோல் வாடை, கருப்புப் புகை, பி0172

இது ரிச் கோடு. ட்ரிம் மைனஸ் 20 பக்கம் போகும். ஒழுகும் இன்ஜெக்டர், பெட்ரோல் அழுத்தம் அதிகம் ஆகியவை வழக்கமான காரணங்கள். பலரும் விட்டுவிடுவது பர்ஜ் வால்வு. பெட்ரோல் டேங்க் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் அந்த வால்வு திறந்தே மாட்டிக்கொண்டால், டேங்க் நிரப்பியவுடன் ஸ்டார்ட் ஆக மறுக்கும். அதன் ஹோஸைத் தற்காலிகமாக அடைத்து ட்ரிம் மேலே வருகிறதா என்று பாருங்கள். ஆயில் டிப்ஸ்டிக்கையும் முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தால் அதன் ஆவியே பிசிவி வழியாக உள்ளே வந்து ரிச் ஆக்கும், ஆயில் மாற்றினால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

மைலேஜ் விழுந்துவிட்டது, கோடு இல்லை

டயர் காற்று, பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுவது, இவற்றை முதலில் முடியுங்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால் இ20க்கு மாறினாலும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். இதெல்லாம் இல்லை என்றால் ஸ்கேனரில் கூலன்ட் சூட்டைப் பாருங்கள். பல கிலோமீட்டர் ஓட்டிய பிறகும் 70 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் தெர்மோஸ்டாட் திறந்தே இருக்கிறது. தெர்மோஸ்டாட்டையே கழற்றி வீசிவிட்ட வண்டிகளும் நம் ஊரில் ஓடுகின்றன, 'சூடாகாது சார்' என்ற உத்தரவாதத்தோடு. இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து ஈசியூ பெட்ரோலைக் கூட்டியே கொடுக்கும்.

அதுவும் சரியென்றால்தான் சென்சார் கிழடாகிவிட்டதா என்ற கேள்வி. ஆடுகிறது, ஆனால் சோம்பலாக ஆடுகிறது, 10 விநாடிக்கு மூன்று நான்கு முறைதான் என்றால் அதுதான். கொஞ்ச நாளில் பி0133 வரும். ஹீட்டர் உள்ள சென்சார்கள் பொதுவாக ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி உழைக்கும், அதற்குமேல் போனதை மாற்றலாம். வோல்ட் 0.45லேயே அசையாமல் நின்றால் வேறு கதை. பல வண்டிகளில் ஈசியூ தானே கொடுக்கும் வோல்ட் அது, சென்சாரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கனெக்டரைப் பாருங்கள்.

பி0420

கேட்கான் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் இந்தக் கோடு வந்தால் பின் சென்சாரை மாற்றச் சொல்வார்கள். முதலில் 2500 ஆர்பிஎம்மில் ஒரு சில நிமிடம் வைத்து இரண்டு சென்சார்களையும் ஒரே திரையில் வரைபடமாகப் பாருங்கள். முன் சென்சார் ஆட, பின் சென்சார் 0.6, 0.7இல் கோடு போட்டது போல அமைதியாக இருக்க வேண்டும். கேட்கான் ஆக்சிஜனைச் சேமித்து வைத்துச் செலவழிப்பதால் வரும் அமைதி அது. பின்னதும் முன்னதைப் பார்த்து அப்படியே ஆடினால் கேட்கான் ஓய்ந்துவிட்டது. அப்படித் துல்லியமாக ஆடுகிறது என்பதே பின் சென்சார் நன்றாக இருப்பதற்குச் சாட்சி, அதை மாற்றி என்ன பயன்?

கேட்கானுக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன, விலையைக் கேட்டால் தலை சுற்றும். வாங்குவதற்கு முன் அது ஏன் செத்தது என்று கண்டுபிடியுங்கள். மிஸ்ஸிங்கோ, ஆயில் எரிவதோ, ரிச்சாக ஓடுவதோ சரியாகாமல் புதுசு போட்டால் அதுவும் அதே வழியில் போகும். பின் சென்சாருக்கு நடுவில் ஒரு உலோகத் துண்டு வைத்து லைட்டை அணைக்கும் வித்தையும் உண்டு. லைட் அணையும், புகை அப்படியேதான் இருக்கும்.

கழற்றுவதும் மாட்டுவதும்

பெரும்பாலான சென்சார்களுக்கு 22 மில்லிமீட்டர் ஸ்பானர். வயர் நுழைய வெட்டு வைத்த சாக்கெட் கிடைத்தால் நல்லது. முந்தைய இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவிட்டு, காலையில் இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி, கை சுடாத அளவுக்கு ஆறியதும் திருகுங்கள். முரண்டு பிடித்தால் முன்னும் பின்னும் ஆட்டி எடுங்கள். பலத்தைக் காட்டினால் மேனிஃபோல்டின் மரை சென்சாரோடு பெயர்ந்து வந்துவிடும்.

எடுத்ததும் நுனியைப் பாருங்கள். உலர்ந்த கரி என்றால் ரிச். வெள்ளைப் பொடி என்றால் கூலன்ட் எரிகிறது அல்லது யாரோ சமீபத்தில் சிலிகான் பசை போட்டு கேஸ்கெட் ஒட்டியிருக்கிறார்கள். சாதாரண சிலிகான் பசையின் ஆவி சென்சாரைக் கொல்லும், 'சென்சார் சேஃப்' என்று எழுதிய பசையைக் கேட்டு வாங்குங்கள். பழுப்பும் சாம்பலும் என்றால் ஆயில் எரிகிறது. நுனியைப் பெட்ரோலிலோ ஆசிடிலோ ஊற வைத்துச் சுத்தம் செய்யும் வேலை வேண்டாம்.

புதுசு வாங்கும்போது உங்கள் வண்டியின் கனெக்டரோடு வருவதையே வாங்குங்கள். வயரை வெட்டி ஒட்டும் யுனிவர்சல் சென்சாரில் நிறம் மாற்றி இணைத்து ஈசியூவைச் சிரமப்படுத்தியவர்கள் நிறைய. வயரை சால்டர் செய்யவும் கூடாது, கனெக்டருக்குள் கிரீஸோ கிளீனரோ அடிக்கவும் கூடாது. பல சென்சார்கள் ஒப்பிட வேண்டிய வெளிக்காற்றை அந்த வயரின் இழைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி வழியாகத்தான் இழுக்கின்றன. மரையில் சாம்பல் நிறப் பசை ஏற்கெனவே தடவியே வரும், நுனியில் அது படக் கூடாது. கீழே விழுந்த சென்சாரை மாட்டாதீர்கள், உள்ளே பீங்கான்.

மாட்டியதும் கோடை அழித்து, லாங் ட்ரிம்மையும் பூஜ்யமாக்கி, பழைய கிளிப்பில் வயரை மாட்டிவிடுங்கள். கிளிப் உடைந்திருந்தால் கம்பியால் கட்டுங்கள், பிளாஸ்டிக் டை அந்தச் சூட்டில் ஒரு வாரம் தாங்காது. வயர் தொங்கிப் புகைக் குழாயில் பட்டால் அடுத்த மாதம் மறுபடி பி0135தான்.